மாரத்தான் ஏன் எப்போதும் தெற்கே மட்டும் ஓடுகிறது? நேப்பியர் பாலத்துக்கு வடக்கே ஒரு பாதை

கல்மண்டபத்தான் | சனி, இரவு 9.40

ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானுக்குப் பயிற்சி ஆரம்பித்தாகிவிட்டது, அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன். நான் முழு தூரம் நான்கு முறை ஓடியிருக்கிறேன், பாதி தூரம் அதைவிட அதிகம். ஒவ்வொரு முறையும் அதிகாலையில் கூவத்தின் மேலுள்ள நேப்பியர் பாலத்தில் வந்து நிற்கிறோம், எல்லோர் முகமும் தெற்கே பார்த்து இருக்கிறது. மெரினா, சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர், அப்புறம் பழைய மகாபலிபுரம் சாலை அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலை. கொஞ்சம் முன்னே பின்னே மாறினாலும் நான் ஓடிய எல்லா ஆண்டும் திசை இதுதான்.

என் வீடு ராயபுரம் கல்மண்டபம் பக்கம். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது என் முதுகுக்குப் பின்னால் ஐந்து கிலோமீட்டரில் என் தெரு இருக்கிறது. அதே முதுகுப் பக்கம் ஒன்றரை கிலோமீட்டரில் புனித ஜார்ஜ் கோட்டை. 1639இல் இந்த ஊர் ஆரம்பித்ததே அங்கேதான். அடுத்து 1892இல் கட்டிய உயர்நீதிமன்றம். இப்போதுள்ள கலங்கரை விளக்கம் 1977இல் மெரினாவில் வரும் வரைக்கும் அந்த உயர்நீதிமன்றக் கோபுரத்து விளக்கைப் பார்த்துத்தான் கப்பல்கள் வந்தன. அதன்பிறகு தலைமை அஞ்சல் நிலையம், பர்மா பஜார், பழைய பீரங்கித் தளம் இருந்த கிளைவ் பேட்டரி, கடைசியாக ராயபுரம் ரயில் நிலையம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது இந்த நிலையத்திலிருந்து, கட்டடம் இன்னும் அப்படியே நிற்கிறது. சென்னை மாரத்தான் என்று பெயர் வைத்துவிட்டு இதில் ஒன்றைக்கூடத் தொடாமல் 42 கிலோமீட்டர் ஓடிவிட முடிகிறது என்றால் அந்தப் பாதை சரியில்லை என்று நினைக்கிறேன்.

என் யோசனை இதுதான். பாலத்திலிருந்து முதலில் வடக்கே போவோம். ராஜாஜி சாலை வழியாக ராயபுரம், அங்கிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திரும்பி அதே வழியில் பாலத்துக்கு வந்து, பிறகு வழக்கம்போல் தெற்கே. வடக்கில் கூடுகிற தூரத்தைத் தெற்குக் கோடியில் குறைத்துக்கொள்ளலாம். ஓடுகிறவர்கள், தன்னார்வலர்கள், அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

மெதுஓட்டம்

தெற்குக் கோடியில் குறைப்பதற்கே என் ஓட்டு. ஏழரை மணிக்கு மேல் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓடியவர்களுக்குத் தெரியும், ஒரு மரம் கிடையாது, இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடம், வெயில் மேலேயிருந்தும் அடிக்கிறது பக்கத்திலிருந்தும் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே அலுவலகமும் கிடையாது, ஆளும் கிடையாது. முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு மனித முகம்கூட இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன்.

ஆனால் காசிமேடு வரைக்கும் என்பது எனக்குத் தயக்கம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும், அது ராத்திரி பகல் பார்க்காது.

தண்ணீர்ப்பந்தல்

எட்டு ஆண்டுகளாகத் தன்னார்வலராக நிற்கிறேன், அதனால் கொஞ்சம் நடைமுறை பேசுகிறேன். பாதை போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை குறுக்குத்தெரு வந்து சேர்கிறது என்பதை. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு தடுப்பு, ஒரு காவலர், குறைந்தது இரண்டு தன்னார்வலர்கள் வேண்டும். கடற்கரைச் சாலைகளை உலகம் முழுக்க மாரத்தானுக்கு விரும்புவதற்குக் காட்சி மட்டும் காரணமில்லை. ஒரு பக்கம் கடல் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து வண்டி வராது. சந்திப்புகள் பாதியாகக் குறைந்துவிடும். மெரினாவில் நாற்பது பேரை வைத்துச் செய்கிற வேலைக்கு ஜார்ஜ் டவுனுக்குள் நுழைந்தால் நூற்றைம்பது பேர் வேண்டியிருக்கும், அதுவும் அந்தத் தெருக்களில் இரண்டு சரக்கு வண்டி எதிரெதிரே வந்தாலே அடைப்பு.

அப்புறம் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. ஸ்டான்லி என்று சொன்னால்தான் இப்போது எல்லோருக்கும் புரியும். பக்கத்திலேயே ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி. வடசென்னை முழுக்க இந்த இரண்டையும் நம்பியிருக்கிறது. அந்த வழியை ஐந்து நிமிடம் அடைப்பதற்குக்கூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கல்மண்டபத்தான்

தண்ணீர்ப்பந்தல் அண்ணா, நீங்கள் சொன்ன கணக்கை வைத்தே பார்ப்போம். ராஜாஜி சாலையின் கிழக்குப் பக்கம் என்ன இருக்கிறது? ரிசர்வ் வங்கி, கடற்கரை ரயில் நிலையம், துறைமுக மதில். மெரினாவில் கடல் செய்கிற வேலையை இங்கே அந்த மதில் செய்கிறது. துறைமுக வாசல்கள் சில உண்டு, அவ்வளவுதான். ஜார்ஜ் டவுனுக்குள் நுழையவே வேண்டாம், ஓரமாகவே போய் ஓரமாகவே திரும்பலாம். ஸ்டான்லி அங்கிருந்து உள்ளே தள்ளி மேற்கே இருக்கிறது, அந்தச் சாலையைத் தொடவே மாட்டோம்.

தண்ணீர்ப்பந்தல்

மதில் விஷயம் நான் யோசிக்காதது. சரி, பார்த்துவிட்டு வருகிறேன்.

ஹட்சன்கரை

நான் இருப்பது நியூ ஜெர்சியில், ஊர் திருவல்லிக்கேணி. கல்மண்டபத்தான் கேட்கிற கேள்வியை நியூயார்க் 1976இல் கேட்டிருக்கிறது. 1970இல் முதல் நியூயார்க் மாரத்தான் நடந்தபோது அது முழுக்க முழுக்க சென்ட்ரல் பார்க் பூங்காவுக்குள்தான், அங்கேயே நான்கு முறைக்கு மேல் சுற்றினார்கள். ஓடத் தொடங்கியவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். 1976 அமெரிக்காவின் 200ஆவது ஆண்டு. அதற்காக நகரத்தின் ஐந்து பெருநகரப் பகுதிகளையும் தொடுகிற மாதிரி ஒரே ஒரு முறை ஓடிப் பார்ப்போம் என்று செய்தார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது.

நான் ஓடியபோது எனக்கு மறக்காதது நினைவுச்சின்னம் எதுவும் இல்லை. ஸ்டேட்டன் தீவில் தொடங்கி வெரசானோ பாலம் ஏறி இறங்கினால் புரூக்ளினில் நான்காவது அவென்யூ, மெக்சிகோக்காரர்கள், அடுத்த சில தெருவில் வேறு மொழி, வேறு பாட்டு. வில்லியம்ஸ்பர்க்கில் ஹசிடிக் யூதர்கள் வாழும் பகுதி வந்ததும் திடீரென்று அமைதி, கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள், குழந்தைகள் மட்டும் நின்று பார்க்கும். குவீன்ஸ்பரோ பாலத்தின் கீழ்த்தளத்தில் நம் காலடிச் சத்தம்தான் கேட்கும். பாலம் இறங்கி முதலாவது அவென்யூவில் திரும்பினால் காது அடைக்கிற கூச்சல். 32ஆவது கிலோமீட்டரில் பிராங்க்ஸுக்குள் நுழைகிறோம். அங்கே ஓடுவது ரொம்பக் கொஞ்ச தூரம்தான், ஆனால் அதை வெட்டிவிட்டால் அது நியூயார்க் மாரத்தான் கிடையாது.

பெர்லினையும் சொல்ல வேண்டும். சுவர் விழுந்த மறு வருடம், 1990 செப்டம்பர் 30, இரண்டு ஜெர்மனியும் ஒன்றாவதற்கு மூன்று நாள் முன்னால், பிராண்டன்பர்க் வாயில் வழியாகப் பாதையைக் கிழக்கு பெர்லினுக்குள் கொண்டுபோனார்கள். நம் ஊரில் அப்படிச் சுவர் எதுவும் இல்லை. ஆனாலும் கூவம் தாண்டி வடக்கே போனதே இல்லை என்று சொல்கிறவர்களை மயிலாப்பூரிலும் அடையாறிலும் நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

விடியல்நடை

கோட்டை, உயர்நீதிமன்றம் என்று பட்டியல் போடுகிறோமே, அதிகாலை நான்கு மணிக்கு இருட்டில் அதெல்லாம் எப்படித் தெரியும்? ஜனவரியில் சூரியன் வர ஆறரை ஆகிறது. இப்போதைய பாதையிலேயே உழைப்பாளர் சிலை, மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம் எல்லாம் இருட்டில்தான் கடந்து போகிறது. எனக்குச் சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம் மட்டும்தான் தெரிந்தது.

கல்மண்டபத்தான்

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

இங்கே வெயிலுக்குப் பயந்து நான்கு மணிக்கு ஓடுகிறோம். நான்கு மணிக்கு மெரினாவில் யார் இருக்கிறார்கள்? தன்னார்வலர்களும் காவலர்களும்தான். கை தட்டுவதற்கு ஆள் எழுந்திருக்க வேண்டும் இல்லையா. நான்கு மணிக்கு முழுசாக விழித்திருக்கிற சென்னை எது என்று யோசித்துப் பாருங்கள். காசிமேட்டில் அந்த நேரம் ஏலம் நடக்கிறது. ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். கல்மண்டபத்தில் டீக்கடை மூன்று மணிக்குத் திறந்துவிடும், பெஞ்சில் உட்கார இடம் இருக்காது. கடற்கரை நிலையத்துக்கு வெளியே பேப்பர்க் கட்டுப் பிரிக்கிற பையன்கள். மார்கழி வேறு, வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், காலை ஷிஃப்டுக்குப் போகும்போது ஐந்து வயதில் அவரோடு டீக்கடை வரைக்கும் போய் ஒரு பொறையோடு திரும்பி வருவேன், அதனால் எனக்கு நான்கு மணி என்பது ஊர் தூங்குகிற நேரமாகத் தோன்றியதே இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நேப்பியர் பாலத்திலிருந்து அடையாறு திரு.வி.க. பாலம் ஏழு, ஏழரை கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓடுகிறவர் இப்போது ஐந்து மணிக்கு முன்னால் அந்தப் பாலத்தைக் கடந்துவிடுகிறார், கும்மிருட்டு. முன்னால் வடக்கே ஒரு பத்து கிலோமீட்டர் சேர்த்தால் அதே ஆள் ஆறு மணிக்கு அங்கே வருவார். கிழக்கே முகத்துவாரம், உடைந்த பாலம், அதற்கு மேலே வானம் வெளுக்கத் தொடங்கும் நேரம்.

விடியல்நடை

அது மட்டும் நடந்தால் நான் இன்னொரு முறை முழு தூரம் ஓடுகிறேன்.

உப்புக்காற்று | ஞாயிறு, பிற்பகல் 2.15

எல்லாவற்றையும் படித்தேன். நான் காசிமேட்டுப் பெண், இப்போது வங்கியில் வேலை. அம்மா இன்னும் மீன் விற்கிறார்கள். கல்மண்டபத்தான் அண்ணா, எங்கள் பக்கம் மாரத்தான் வர வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு வாரத்தின் பெரிய நாள். அம்மா இரண்டரை மணிக்கு ஏலத்துக்குப் போவார்கள். நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோ பேசி, அன்னக்கூடையில் ஐஸைப் பரப்பி, அதன் மேல் சங்கராவும் கானாங்கெளுத்தியும் அடுக்கி, ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு, நாலரைக்குக் கிளம்பினால் ஐந்து மணிக்குத் திருவல்லிக்கேணி. ஆட்டோ போவது நீங்கள் சொல்கிற அதே ராஜாஜி சாலைதான். வழியை மறித்து ஒரு மணி நேரம் நிறுத்தினால் ஐஸ் தண்ணீராகிவிடும், கூடை கனம் குறையாது, மீன் விலை குறையும். மார்கழியில் பாதிப் பேர் மாலை போட்டிருப்பார்கள், வியாபாரமே மந்தம். அந்த மாதத்து ஞாயிறை எங்களால் விட முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த 61 நாளும் சேர்த்து இந்த ஞாயிறுகளில் சம்பாதித்து வைத்துக்கொண்டால்தான் உண்டு.

துறைமுகத்துக்குள் ஏலத் தரை முழுக்க மீன் தண்ணீர், ஓடுகிறவர்கள் வழுக்கி விழுவார்கள், அதையும் யோசியுங்கள். எங்களைப் பார்க்க வர வேண்டும் என்றால் வாருங்கள், ஆனால் எங்கள் வேலை நடக்கிற தரை மேல் ஓட வேண்டாம்.

மெதுஓட்டம்

தங்கச்சி சொல்வது ரொம்ப நியாயம்.

மூன்றாம்தெரு

நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், எந்த ஓட்டம் என்றும் வேண்டாம். என் அப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். ஒரு முறை ஓட்டம் நடக்கும் காலையில் தடுப்பில் மாட்டிக்கொண்டு ஐம்பது நிமிடம் நின்றோம். நின்ற தன்னார்வலர் நல்ல பையன், ஆனால் யாரைக் கேட்டுத் திறப்பது என்று அவனுக்கே தெரியவில்லை. முதல் நாள் எங்கள் தெருவில் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்திருந்தால் வேறு பக்கமாகப் போயிருப்பேன். ஓடுகிறவர்களுக்கு வரைபடம் ஆறு மாதம் முன்னால் போகிறது, அந்தப் பாதையில் குடியிருப்பவர்களுக்கும் அதே வரைபடம் போக வேண்டும். வடசென்னையோ தென்சென்னையோ, இது இல்லாமல் எந்தப் பாதையும் எனக்கு வேண்டாம்.

கல்மண்டபத்தான்

உப்புக்காற்று, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். காசிமேடு வரைக்கும் என்பதை எடுத்துவிடுகிறேன். என் தெருவிலிருந்து அந்தக் கூடைகள் போவதை வருடக்கணக்காகப் பார்த்தும் இது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

இப்படிச் செய்தால் சரிவருமா? ராஜாஜி சாலைக்கு நடுவில் தடுப்பு இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய கிழக்குப் பாதியிலேயே போகவும் வரவும் ஓடுவோம், கூம்பு வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். மேற்குப் பாதியை அன்று காலை தெற்கு நோக்கிப் போகிற வண்டிகளுக்கு விட்டுவிடலாம், மீன் ஆட்டோ, ஆம்புலன்ஸ், பஸ் எல்லாம். ராயபுரம் ரயில் நிலையத்தோடு திரும்பிவிடுவோம்.

உப்புக்காற்று

மேற்குப் பாதி நிஜமாகவே திறந்திருந்தால் சரி. அம்மாவிடம் கேட்டேன். “ஓடுறவங்களுக்குத் தண்ணி யார் குடுப்பாங்க?” என்றுதான் முதலில் கேட்டார்கள்.

நாடாக்காரர்

நான் பாதை அளக்கிறவர்களுக்கு உதவியாகப் போயிருக்கிறேன், அதனால் தூரம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கைக்கடிகாரத்தில் வருவதை நம்பிப் பாதை போட முடியாது. சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்று ஒரு சின்ன எண்ணி பொருத்துவார்கள். முதலில் எஃகு நாடாவால் நேரான சாலையில் குறைந்தது 300 மீட்டர் அளந்து, அதில் நான்கு முறை சைக்கிள் ஓட்டி, சக்கரத்தின் கணக்கைச் சரிபார்ப்பார்கள். வேலை முடிந்ததும் மறுபடி நான்கு முறை. சூடு ஏறினால் டயரில் காற்று விரியும், கணக்கு மாறும், அதனால். ஓட்டக்காரர் போகக்கூடிய ஆகக் குறைந்த வழியில்தான் அளக்க வேண்டும், வளைவில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. பிறகு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பார்கள், மொத்தம் 42 மீட்டர், பாதை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் கடிகாரம் எப்போதும் 42.5 காட்டுவது ஏன் என்று கேட்பீர்களே, வளைவில் நீங்கள் அகலமாகத் திரும்புவது பாதிக் காரணம்.

போய்வருகிற பாதையில் ஒரு வசதி, திரும்புகிற இடத்தை ஐம்பது மீட்டர் நகர்த்தினால் மொத்தத்தில் நூறு மீட்டர் மாறும். அதனால் ராயபுரம் நிலைய வாசலில்தான் திரும்புவோம் என்று பிடிவாதம் வைக்காதீர்கள். வாசல் தெரிகிற தூரம் வரைக்கும் போனால் போதும் என்று வையுங்கள், மிச்சத்தை அளவு பார்த்துக்கொள்ளும்.

ஹட்சன்கரை

நிலையத்துக்குப் பக்கத்தில் பார்சிகளின் அக்னி ஆலயம் 1910இலிருந்து இருக்கிறது. இராயப்பர் (புனித பேதுரு) கோயிலும் அந்தப் பக்கம்தான், அந்தப் பெயரால்தான் ராயபுரம் வந்தது என்று எங்கள் தாத்தா சொல்வார். பாதையில் வராவிட்டாலும் வரைபடத்தில் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர்ப்பந்தல் | அடுத்த ஞாயிறு, காலை 10.05

இன்று காலை போய்ப் பார்த்துவிட்டோம். நான், கல்மண்டபத்தான், மெதுஓட்டம், நாடாக்காரர் சைக்கிளில். உப்புக்காற்று திரும்பும் இடத்தில் வந்து சேர்ந்தார்.

நான்கு மணிக்கு நேப்பியர் பாலத்து வடக்கு முனையில் கிளம்பினோம். போர் நினைவுச் சின்னம் வரைக்கும் ஆள் அரவம் இல்லை. கோட்டைக்கு முன்னால் காவலர்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள், சொன்னதும் சிரித்துக்கொண்டே அனுப்பினார்கள். தலைமைச் செயலக வாசல்கள் முன்னால் அனுமதி வாங்குவது தனி வேலை, அதை மறக்க வேண்டாம். பர்மா பஜார் கடைகள் எல்லாம் மூடியிருந்தன. நான் சந்திப்புகளை எண்ணிக்கொண்டே போனேன். கிழக்குப் பக்கம் துறைமுக வாசல்களையும் நிலைய நுழைவுகளையும் சேர்த்தாலும் மெரினாவின் மேற்குப் பக்கத்தில் வருவதைவிடக் குறைவு. இந்த விஷயத்தில் நான் முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

கஷ்டமான இடம் கிளைவ் பேட்டரி. சாலை சுருங்குகிறது, கன்டெய்னர் லாரி இரண்டு திரும்பிக்கொண்டிருந்தன, நாங்களே ஓரமாக ஒதுங்கி நின்றோம். அங்கே லாரியை நிறுத்தாமல் ஓட்டம் நடத்த முடியாது. துறைமுகத்தோடு பேசி நான்கிலிருந்து ஐந்தே கால் வரை அந்த வாசலை மட்டும் நிறுத்த முடிந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதற்கு முன்னாலேயே திரும்பிவிட வேண்டியதுதான்.

நாடாக்காரர் சைக்கிள் கணக்குப்படி ராயபுரம் நிலையத் தூண்கள் தெரிகிற இடம் வரைக்கும் நாலே முக்கால் கிலோமீட்டர். போகவர ஒன்பதரை.

மெதுஓட்டம்

நான் பார்த்த ஒன்று. மணி நாலே முக்கால் இருக்கும், திரும்பி வரும்போது ஒரு ஷேர் ஆட்டோ எங்களைக் கடந்தது. பின்னால் நான்கு பெண்கள், மடியில் ஒரு கூடை, காலடியில் மூன்று கூடை, சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. அதில் ஒரு அம்மா எங்களைப் பார்த்து, “ஓடு ஓடு, விடிஞ்சிடப் போவுது” என்று கத்தினார். நான்கு மாரத்தானில் அந்த நேரத்தில் எனக்குக் கேட்ட முதல் குரல் அதுதான்.

உப்புக்காற்று

அது என் அம்மாவாகத்தான் இருக்கும், பச்சைப் புடவையா?

மெதுஓட்டம்

பச்சைதான்.

கல்மண்டபத்தான்

கிளைவ் பேட்டரிக்கு இரண்டு வரைபடம் போடுகிறேன், லாரி நின்றால் ஒன்று, நிற்காவிட்டால் ஒன்று. மூன்றாம்தெரு, குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கிற சீட்டை நீங்கள் எழுதித் தாருங்கள், எந்தெந்த ஆஸ்பத்திரிக்கு எந்த வழி என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும். மனுவோடு எல்லாவற்றையும் சேர்த்து அமைப்பாளர்களுக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் அனுப்புவோம். வருகிற ஞாயிறும் நான்கு மணிக்குப் பாலத்தில் நிற்கிறேன். வருகிறவர்கள் வடக்கு முனைக்கு வாருங்கள்.